காட்சியைத் தந்தவர்க்கும் பந்தியில் பங்கு உண்டு

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் டில்லி மாநகரில் கூடிய யுனெஸ்கோ குழு, நம்முடைய தீபாவளித் திருநாளை மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்ட அதே கூட்டத்தில், இத்தாலிய தேசத்தாரின் சமையலையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கௌரவித்தது. 2017இல் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா தயாரிப்போரின் கைவினைக்கு இதே கௌரவம் கிடைத்ததுண்டு. இம்முறையோ, நிலத்தில் விளைவதையும் பருவத்தில் கிடைப்பதையும் வீணாக்காமல் சமைத்து, குடும்பமாகவும் ஊராகவும் கூடியமர்ந்து உண்ணும் ஒரு தேசத்தின் ஜீவித முறை முழுவதற்குமே அந்த மரியாதை வழங்கப்பட்டிருக்கிறது. செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியோடு, நெடுநாளாக மனத்தில் கிடந்த ஓர் எண்ணமும் எழுந்தது. அதைப் பொதுஜனங்கள் முன் வைப்பது கடமை என்று கருதியே இதை எழுதுகிறேன்.

இத்தாலிக்குச் செல்லும் யாத்ரீகர்களிலே பெரும்பாலோர், மலைச்சரிவில் கடலை நோக்கி அமைந்த ஒரு போஜனசாலையில், அந்திப் பொழுதில், திறந்த முற்றத்து ஓரத்து மேஜையில் அமர்ந்து உண்பதைத் தம் பயணத்தின் பெரும் பேறாக மதிக்கிறார்கள். அந்த விருப்பத்தில் குறை காண எனக்கு மனம் இல்லை. கண்ணும் நாவும் ஒருங்கே திருப்தி அடையும் வேளைகள் மனித வாழ்வில் அரியவை. அவற்றை நாடிச் செல்வது ரசனையுள்ளவர்க்கு இயல்பு. ஆனால் அந்த மேஜையில் இருந்தபடி நாம் காணும் சௌந்தர்யம் யாருடைய உழைப்பால் உண்டாயிற்று, யாருடைய உழைப்பால் இன்றும் நிலைத்திருக்கிறது, அதன் பேரால் வசூலாகும் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்னும் கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். காட்சியைக் காட்டி விருந்தினரை அழைக்கும் உணவகம், அந்தக் காட்சியை ஆக்கிக் கொடுத்த நிலத்தின் விளைபொருளை அவர்கள் தட்டில் படைக்கக் கடமைப்பட்டது; விருந்தினரும் அதைக் கேட்டு வாங்கி, உரிய விலை கொடுத்து உண்ணக் கடமைப்பட்டவர். இதுவே என் துணிபு.

பொதுப்படப் பேசாமல் ஓர் இடத்தை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் வடமேற்குக் கரையில், லிகூரியா மாகாணத்தில், லா ஸ்பெசியா துறைமுகத்துக்கு மேற்கே, கடலுக்கும் மலைக்கும் இடையே ஒண்டிக்கொண்டு நிற்கும் ஐந்து சிற்றூர்கள் உள்ளன. மொன்தெரோஸ்ஸோ, வெர்னாஸா, கோர்னிலியா, மனரோலா, ரியோமஜோரே என்னும் இவ்வைந்தையும் சேர்த்துச் சின்குவே தெர்ரே என்று வழங்குகிறார்கள். 1997இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 1999இல் இத்தாலிய அரசாங்கம் இதைத் தேசியப் பூங்காவாக்கிற்று. மனரோலாவின் வண்ண வீடுகள் பாறையின்மீது அடுக்கடுக்காக எழும் படத்தைப் பார்த்திராதவர் இக்காலத்தில் அரியர். அந்தப் படத்தில் வீடுகளுக்கு மேலே பசுமையாகத் தெரியும் சரிவை மட்டும் உற்று நோக்குவோர் மிகச் சிலரே. என் விஷயமோ அந்தச் சரிவில்தான் இருக்கிறது.

அந்தச் சரிவை இயற்கை அப்படியே படைத்து விடவில்லை. செங்குத்தாகக் கடலில் இறங்கும் அந்த மலையில், ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளாக, தலைமுறை தலைமுறையாகக் குடியானவர்கள் பாறையை உடைத்து, கிடைத்த கல்லைச் சாந்து எதுவும் சேர்க்காமல் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சுவர் எழுப்பி, சுவருக்குப் பின்னே கூடை கூடையாக மண் சுமந்து கொட்டிச் சமன் செய்து, இரண்டு மூன்று வரிசைக் கொடிகள் நிற்பதற்கு மாத்திரம் இடமுள்ள குறுகிய படிவயல்களை உருவாக்கினார்கள். சாந்து இல்லாமல் அடுக்குவதில்தான் அந்தச் சுவரின் சூட்சுமம் இருக்கிறது. மழை நீர் கல்லிடுக்குகளின் வழியே கசிந்து இறங்கிவிடுவதால், சுவருக்குப் பின்னே நீரின் பாரம் சேராது. ஆனால் பெருமழை பெய்த பிறகு எங்கேனும் சுவர் வயிறு தள்ளி நின்றால், அந்த இடத்தைப் பிரித்து உடனே மறுபடி அடுக்கியாக வேண்டும். தாமதித்தால் சுவர் சரியும், மண் கீழே போகும், அந்தப் பாரம் தாங்காமல் அடுத்த படியின் சுவரும் இடியும். ஆகவே இந்த நிலத்தில் பயிர் செய்வது என்பது முக்காற்பங்கு சுவர் கட்டுவதே. இந்தக் கல்லடுக்குக் கலையை, இத்தாலி உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பொதுச் சொத்தாக, 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

உழவு மாடும் இயந்திரமும் ஏற முடியாத இந்தப் படிகளில் அறுவடைக் காலத்துச் சிரமம் சொல்லில் அடங்காது. பழக்கூடைகளை முதுகிலும் தலையிலும் சுமந்து படி ஏறி இறங்கியே பழைய தலைமுறைகள் தேய்ந்தன. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், பல் வைத்த ஒற்றைத் தண்டவாளத்தின்மீது ஊர்ந்து ஏறும் ஒரு சிறு சுமைவண்டி வந்து சேர்ந்தது. அதுவும் எல்லாச் சரிவுகளுக்கும் எட்டுவதில்லை. இங்கே போஸ்கோ, அல்பரோலா, வெர்மென்தீனோ என்னும் திராட்சை வகைகளைப் பயிரிடுகிறார்கள். அவற்றிலிருந்து இறக்கும் ஷக்கெத்ரா என்னும் இனிப்பு மதுவுக்காக, நல்ல குலைகளைப் பொறுக்கி, நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் பரப்பி, நவம்பர் மாதம் வரை உலர விட்டு, பிறகு காம்பிலிருந்து மணிமணியாகக் கையால் உதிர்த்துப் பிழிகிறார்கள். பறித்த பழத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கடைசியில் மதுவாகத் தேறும். மதுவை விலக்கி வாழ்கிற நம்மவர் பலருக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். எனினும் ஒரு சிறு கோப்பைக்குள் எத்தனை உழைப்பு அடங்கியிருக்கிறது என்பதை அறிந்து வணங்குவதற்கு அதைப் பருகியாக வேண்டும் என்பதில்லை.

கோடைகளை மொன்தெரோஸ்ஸோவில் கழித்து வளர்ந்து, 1975இல் நோபல் பரிசு பெற்ற யூஜேனியோ மொன்தாலே என்னும் கவிஞர், 1925இல் வெளியான தம் முதல் கவிதைத் தொகுதியில் இந்தக் கரையின் வெயிலில் காய்ந்த சுவர்களையும் வறண்ட பாறைகளையும் எலுமிச்சைத் தோட்டங்களையும் பாடினார். படம் எடுத்துச் செல்வோர் இங்கே காணும் உல்லாசத்தை அந்தக் கவிதைகளில் காண முடியாது. வறட்சியோடு வாழப் பழகிய ஒரு நிலத்தையே அவர் கண்டார். அந்நிலத்தின் மெய்யான முகம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய நிலத்தைக் குடியானவர்கள் விட்டுப் போகத் தொடங்கியதில் ஆச்சரியம் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் லா ஸ்பெசியாவில் கடற்படையின் பெரிய தளவாடசாலை எழுந்தது. 1874இல் ஜெனோவாவையும் லா ஸ்பெசியாவையும் இணைக்கும் இருப்புப்பாதை மலையைக் குடைந்துகொண்டு இந்த ஊர்களின் வழியே வந்தது. மாதச் சம்பளம் கிடைக்கும் வேலைக்கு ரெயிலேறிப் போய் வரலாம் என்ற நிலை ஏற்பட்டபின், கல் சுமக்க யார் முன்வருவார்கள்? பின்னர் பிலாக்செரா என்னும் பூச்சி கொடிகளின் வேரை அரித்தது. யுத்தங்களுக்குப் பின் உல்லாசப் பயணிகள் பெருகவே, வீட்டை வாடகைக்கு விடுவதும் உணவகம் நடத்துவதும் படிவயலைக் காட்டிலும் பன்மடங்கு ஆதாயம் தந்தன. இவ்வாறு ஒரு காலத்தில் மலைமுடி வரை பரவியிருந்த படிகளில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. ஊரை ஒட்டிய சரிவுகளில் மாத்திரம் எஞ்சிய சிலர், பெரும்பாலும் வயது முதிர்ந்தோர், இன்றும் சுவர் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கைவிட்டதன் விளைவு என்ன என்பதை 2011ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் தேதி அந்தப் பிரதேசமே கண்டது. சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்த பேய்மழையில் மலையின் மண்ணும் கல்லும் மரமும் வெள்ளமாகப் பெருகி வந்து, வெர்னாஸாவின் பிரதான வீதியைப் பல அடி உயரத்துக்குச் சேற்றில் புதைத்தன; மொன்தெரோஸ்ஸோவின் பழைய ஊரும் அவ்வாறே மூழ்கிற்று. இரண்டு ஊர்களிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. கடலை நோக்கி மேஜை போட்டிருந்த உணவகங்கள் யாவும் அன்று பட்ட துயரம் பெரிது. அந்த மழையின் வேகத்துக்கு எந்தச் சுவரும் முற்றிலும் ஈடுகொடுத்திருக்க முடியாது என்பது உண்மையே. ஆயினும், பராமரிப்பில் இருந்த படிகளைவிட, சில பத்தாண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த படிகளே எளிதில் சரிந்தன என்று அங்கே ஆராய்ச்சி செய்தவர்கள் கண்டார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பரில், ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் புகழ்பெற்ற ‘காதல் வழி’ என்னும் கடலோரப் பாதையில் பாறை சரிந்து யாத்ரீகர் சிலர் காயமடைந்தனர். மூடப்பட்ட அந்தப் பாதை முழுமையாகத் திறக்கப்படுவதற்கு 2024ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. மேலே சுவர் அடுக்குகிறவனின் பிழைப்புக்கும் கீழே மேஜை போடுகிறவனின் பிழைப்புக்கும் உள்ள சம்பந்தத்தை இவற்றைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டும் சான்றுகள் வேண்டுமோ?

இனி மேஜைக்கு வருவோம். இவ்வூர்களுள் ஒன்றில், துறையைக் கீழே பார்த்தபடி அமைந்த ஓர் உணவகத்தின் முற்றத்தில் ஒரு மாலை அமர்ந்திருந்தேன். எதிரே சரிவின் படிகள்மீது சாய்வெயில் விழுந்து, ஒவ்வொரு சுவரும் தன் நிழலைத் தன் அடியிலே வரைந்திருந்தது. அதைக் காட்டிலும் அழகான ஒரு மலைப்புறத்தை நான் கண்டதில்லை. கொண்டுவந்து வைத்த உணவுப் பட்டியலைப் படித்தேன். மீன் பண்டங்கள் பலவற்றின் பக்கத்திலே சிறிய நட்சத்திரக் குறி இட்டிருந்தது. உறைபனியில் வைத்த சரக்கைக் கொண்டு சமைத்த பண்டத்துக்கு அவ்வாறு குறியிட்டு விருந்தினர்க்குத் தெரிவிப்பது இத்தாலிய உணவகங்களின் வழக்கம். கடலலையின் ஓசை காதில் விழும் அந்த இடத்திலே, பரிமாறப்படும் மீன் வேறெங்கோ பிடிபட்டுப் பெட்டியில் வந்தது. எண்ணெய் எந்தத் தோட்டத்தது என்று வினவினேன். பரிமாறிய இளைஞருக்குத் தெரியவில்லை. அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. அதை அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அவருடைய முதலாளிக்குத் தோன்றவில்லை என்பதே என் வருத்தம். எதிரே தெரிந்த மலையிலிருந்து ஒரு பிடி கீரைகூட அந்த மேஜைக்கு வந்திருக்கவில்லை.

அதே கரையில் வேறு வகை மேஜைகளும் உண்டு என்பதை மறைப்பது அநியாயம். லிகூரியாவின் சமையல் வறிய மக்களின் சமையல். மலைக்கும் கடலுக்கும் இடையில் அகப்பட்டதைக் கொண்டு ருசியை உண்டாக்கிய சமையல். பெஸ்தோ என்னும் பச்சைத் துவையலை எடுத்துக்கொள்ளுங்கள். நம் திருநீற்றுப்பச்சிலையின் இனத்தைச் சேர்ந்த பாசிலிகோவின் இளந்தளிர்களை, பூண்டும் கல்லுப்பும் முன்னரே இடித்து வைத்த சலவைக்கல் உரலில் இட்டு, மரக்குழவியால் குத்தாமல் சுழற்றி நசுக்கி, பைன் கொட்டையும் துருவிய பாலாடைக்கட்டிகள் இரண்டும் சேர்த்து, கடைசியில் ஆலிவ் எண்ணெயை இழையாக விட்டுக் குழைக்கிறார்கள். அதை அடுப்பில் ஏற்றுவதில்லை. உருளைக்கிழங்கும் பச்சைப் பீன்ஸும் சேர்த்து ஒரே நீரில் வெந்த திரெனெத்தே என்னும் பட்டை நூலப்பத்தின்மீது, வெந்த நீரிலேயே ஒரு கரண்டி ஊற்றித் தளர்த்திய பெஸ்தோவைப் புரட்டிக் கொண்டுவருகிறார்கள். தட்டு வைக்கப்பட்ட கணத்தில் எழும் அந்த வாசனையில் ஒரு தோட்டமே இருக்கிறது. ஜெனோவாப் பாசிலிகோவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் பிறப்பிடப் பாதுகாப்பு அளித்தது; அந்தப் பெயரை வேறு எவரும் இட்டுக்கொள்ள முடியாதபடி சட்டம் காக்கிறது.

ஃபரினாத்தா என்றொரு பண்டம் உண்டு. கொண்டைக்கடலை மாவை நீரில் கரைத்துச் சில மணி நேரம் ஊற விட்டு, மேலே படிந்த நுரையை நீக்கி, உப்பும் தாராளமாக ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, ஈயம் பூசிய அகன்ற தாமிரத் தட்டில் மெல்லிசாக ஊற்றி, விறகடுப்பின் கடும் சூட்டில் வேக வைக்கிறார்கள். விளிம்பு முறுகி நடு மெத்தென்று இருக்கும் அந்தப் பண்டத்தை மிளகுத்தூள் தூவித் துண்டு போட்டுத் தரும்போது, நம் வீட்டு அடையின் தங்கை ஒருத்தி தூர தேசத்தில் வாழ்கிறாள் என்றே நமக்குத் தோன்றும். மொன்தெரோஸ்ஸோவின் நெத்திலி வகை மீனோ, விளக்கொளி காட்டி இரவில் பிடிக்கப்பட்டு, தலை நீக்கி, உப்பும் மீனுமாக அடுக்கிப் பாரம் வைத்துப் பதப்படுத்தப்படுகிறது. வெர்னாஸாவில் அதே மீனை உருளைக்கிழங்கு, தக்காளியோடு மண்சட்டியில் அடுக்கிச் சுட்டெடுக்கிறார்கள். இவற்றுள் எதுவும் ராஜபோகமான பண்டம் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் எதிரே தெரியும் கடலுக்கும் மலைக்கும் உறவு.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும் என்பதை அறிவேன். உள்ளூர் விளைபொருள் விலை உயர்ந்தது, அதை வாங்கினால் உணவகம் கட்டுப்படியாகாது என்பார்கள். ஷக்கெத்ரா போன்றவை விலை மிகுந்தவை என்பது மெய். ஆனால் கடலைமாவும் நெத்திலியும் கீரையும் எங்கே விலை உயர்ந்தவை? பட்டியலில் அதிக விலை போட்டிருப்பவை, பெரும்பாலும், வடகடல்களிலிருந்து விமானமும் லாரியும் ஏறி வரும் மீன்களே. உள்ளூர்ப் பண்டத்துக்குச் செலவாவது பணத்தைவிட அக்கறையே. எந்தக் குடியானவரிடம் இந்த வாரம் என்ன இருக்கிறது என்று கேட்டறிந்து, அதற்கேற்பப் பட்டியலை மாற்றி எழுதும் அக்கறைதான் பலரிடம் குறைந்து விட்டது.

இன்னோர் ஆட்சேபம் வலுவானது. இந்தக் குறுகிய படிகளின் விளைச்சல், ஆண்டுதோறும் வந்து குவியும் லட்சக்கணக்கான விருந்தினர்க்கு எப்படிப் போதும் என்று கேட்பார்கள். போதாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு கவளமும் எதிர்ச்சரிவில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வோர் உணவகமும் அந்தச் சரிவின் பண்டம் இரண்டையோ மூன்றையோ நிரந்தரமாக வைத்திருக்கட்டும். அது யாருடைய தோட்டத்தது, எந்தப் படகினது என்று பட்டியலில் எழுதட்டும். மற்றவற்றை லிகூரியாவின் பிற ஊர்களிலிருந்து வருவிக்கட்டும். அந்தப் பண்டம் தீர்ந்து விட்டது என்று சொல்ல நேர்ந்தால் அதில் வெட்கப்பட ஏதும் இல்லை. நிலத்துக்கு ஓர் அளவு உண்டு என்பதை விருந்தினருக்கு அதைவிட மரியாதையாக உணர்த்த முடியாது.

மூன்றாவதாக, பணம் கொடுப்பவன் தான் விரும்பியதை உண்ண உரிமை உடையவன் அல்லவா என்று கேட்கலாம். உரிமை உண்டு. ஆனால் கடல் தெரியும் மேஜைக்கும், அதே ஊரில் சந்துக்குள் உள்ள மேஜைக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று கவனியுங்கள். அந்த வித்தியாசம் சமையலுக்குரியது அல்ல, காட்சிக்குரியது. காட்சிக்கென்று நாம் கொடுக்கும் அந்த அதிகப்படிப் பணத்தில், காட்சியை உண்டாக்கியவனுக்குச் சல்லிக்காசும் போகாமல், முழுவதும் கட்டட வாடகையாகவும் உரிமையாளரின் லாபமாகவும் தங்கி விடுகிறது. பிறர் உழைப்பால் விளைந்ததை விற்று, உழைத்தவனுக்குப் பங்கு தராதிருப்பதை எந்தத் தேசத்து நியாயமும் ஒப்புக்கொள்ளாது. அதை அறிந்த பின்பும் வாய் திறவாது உண்டு எழுந்து போகிற விருந்தினரும் அந்த அநீதியில் பங்காளியே ஆகிறார்.

ஆகையால் செய்ய வேண்டியது என்ன? இத்தாலிய உணவகங்களில், ரொட்டிக்கும் மேஜை விரிப்புக்குமாகத் தலைக்கு இரண்டு மூன்று யூரோ வீதம் கோபெர்தோ என்னும் ஒரு கட்டணத்தை விலைச்சீட்டிலே சேர்ப்பது பழைய வழக்கம். பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இத்தகைய ஊர்களில், அதில் ஒரு யூரோவைச் சுவர்களுக்கு என்று தனியே எழுதி வசூலித்து, ஆண்டுதோறும் கணக்கை ஊர் மன்றத்தின் வாயிலில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது என் யோசனை. இரவு தங்குவோரிடம் நகரசபைகள் வரி வாங்குகின்றன. மலைப்பாதையில் நடப்போர் தேசியப் பூங்காவின் சீட்டை வாங்கி, பாதைகளின் பராமரிப்புக்கு உதவுகிறார்கள். பகலில் வந்து, உண்டு, படம் எடுத்து, மாலை ரெயிலில் திரும்பி விடுகிறவர்களோ, பெருந்தொகையினராக இருந்தும், சுவர்களுக்கென்று எதுவும் கொடுப்பதில்லை. அவர்கள் அமரும் மேஜையிலேயே அந்தக் கடனைத் தீர்த்துக்கொள்ள வழி செய்வது எளிது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் போய் விடவில்லை. மனரோலாவுக்கு மேலே குரோப்போ என்னும் இடத்திலுள்ள கூட்டுறவுச் சங்கம், துண்டு துண்டாக நிலம் வைத்திருக்கும் சிறு குடியானவர்களின் திராட்சையை வாங்கி மதுவாக்கி, அவர்களுக்கு ஒரு நிச்சயமான வருமானத்தைத் தந்து வருகிறது. 2019இல் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, தேசியப் பூங்காவின் தலைமையில், மனரோலாச் சரிவில் இடிந்த சுவர்களைப் பழைய முறையிலேயே எழுப்பவும், அந்தக் கலையைப் புதியவர்களுக்குப் பயிற்றவும் ஒரு முயற்சி நடந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1986இல் ரோமாபுரியின் ஸ்பானியச் சதுக்கத்தில் அமெரிக்கத் துரித உணவுக்கடை ஒன்று தோன்றியதைக் கண்டு கொதித்தெழுந்த கார்லோ பெத்ரீனியும் அவருடைய தோழர்களும் தோற்றுவித்த இயக்கம், உண்பவனையும் விளைவிப்பவனையும் மறுபடி ஒரே பந்தியில் அமர்த்த வேண்டும் என்று உலகுக்கு எடுத்துச் சொன்னது. வழி தெரியாமல் யாரும் நிற்கவில்லை. அந்த வழியில் நடப்போரின் தொகை பெருக வேண்டும், அவ்வளவே.

இவ்விஷயத்தில் நம்மவர்க்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஐரோப்பா செல்லும் குழுக்கள் ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகின்றன. அவர்களுள் பலருக்கு, பகலெல்லாம் இத்தாலியைப் பார்த்துவிட்டு இரவில் ஓர் இந்திய உணவகத்தைத் தேடிப் போவதே பயண ஏற்பாடாக அமைந்து விடுகிறது. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் பழகிய ஆகாரம் வேண்டும் என்பது நியாயமே. சைவ உணவு கிடைக்காது என்ற பயமும் அதற்கு ஒரு காரணம். ஆனால் இத்தாலியின் மாகாணங்களுள் சைவர்க்கு மிகவும் இசைந்தவற்றில் லிகூரியாவும் ஒன்று. கடலைமாவுப் பண்டமும், எண்ணெய் தடவிச் சுட்ட பொகாச்சா ரொட்டியும், கீரை அடைத்த பணியாரத்தை அக்ரூட் பருப்புச் சாற்றில் தோய்த்துத் தரும் பான்சோத்தியும், பல வகைக் காய்கறி அடைகளும் அங்கே அன்றாட உணவு. பர்மிஜானோ முதலிய பாலாடைக்கட்டிகளை உறைய வைப்பதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்க்கிறார்கள் என்பதை மாத்திரம் அறிந்து, வைராக்கியமுள்ளவர்கள் பாலாடைக்கட்டி சேர்க்காமல் தரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பண்டங்களைக் கையில் செய்யும் சமையற்காரர் இதை மறுப்பதில்லை.

அவ்வாறு அமரும் வேளையில் நம் பிரயாணிகள் செய்யத்தக்கது மிகவும் எளிது. பட்டியலில் நட்சத்திரக் குறி இல்லாத பண்டங்கள் எவை என்று பாருங்கள். எதிரே தெரியும் மலையிலோ கடலிலோ கிடைத்தது இன்று என்ன இருக்கிறது என்று பரிமாறுபவரைக் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால், உள்ளே போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். அதே கேள்வியை நாள்தோறும் பத்து விருந்தினர் கேட்பார்களானால், மறுநாள் காலை அந்த உணவகத்து முதலாளி மலைமேல் ஏறிக் குடியானவரின் கதவைத் தட்டியே தீருவார். சட்டம் செய்ய முடியாததை வாடிக்கையாளரின் கேள்வி செய்துவிடும் என்பதை வியாபாரம் அறிந்த எவரும் ஒப்புக்கொள்வர்.

தன் சமையல் உலகத்தின் சொத்து என்று அங்கீகாரம் பெற்ற ஒரு தேசம், அந்தச் சமையலுக்கு ஆதாரமான மண்ணைத் தாங்கிப் பிடிக்கும் கைகளை மறக்கலாகாது. விருந்தோம்பலைப் பேரறமாகப் போற்றி வந்த நாமும், ஓர் ஊரின் அழகைக் கண்ணாரக் கண்டு இன்புறும்போது, அந்த அழகுக்காக முதுகு வளைந்தவர்களுக்குக் கடன் வைத்துவிட்டு எழுந்து வரலாகாது. ஒரு மலைச்சரிவைப் பார்த்துப் பிரமித்தவர், அச்சரிவின் கீரையையும் எண்ணெயையும் பழத்தையும் கேட்டு, அவற்றுக்குரிய கிரயத்தை முகம் சுளிக்காமல் கொடுப்பாரானால், மறு ஆண்டும் அங்கே ஒருவர் சுவர் அடுக்குவதற்குக் காரணமாகிறார். அந்தக் காட்சியைக் காப்பதற்கு நிதிகளும் சட்டங்களும் திட்டங்களும் தேவைதான்; ஆனால் குடியானவருடைய மகன் தகப்பனுக்குப் பின் அந்தப் படிகளில் கால் வைப்பானா என்பதை இறுதியில் தீர்மானிக்கப் போவது, கீழே நாம் அமரும் மேஜைகளில் அவன் விளைச்சலுக்கு இடம் இருக்கிறதா என்பதே.